பூஜ்யம் என்று எழுதப்பட்ட புல்வெளி

1

இது திருட்டுச் சரக்கு. என் தங்கை போனில் அழுதுகொண்டே சொன்னதை நான் குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டேன். ஒரு அக்கா செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். செய்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘புல்வெளிமேல் பொன்னிற வெயில்…’ [வேண்டாம். வெயிலே இல்லை. வம்பே அதுதான்.]

சரி, நேராகவே சொல்கிறேன். தங்கை பூச்சி எண்ணுகிறவள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் வாரம் ஒருமுறை, ஒரே பாதையில் நடந்து, துள்ளிகளை எண்ணுவாள். துள்ளி என்பது கட்டைவிரல் நகமளவு பழுப்புப் பட்டாம்பூச்சி. (அழகெல்லாம் கிடையாது. முதன்முறை பார்த்தபோது நான் செருப்பைத் தேடினேன்.) அதன் புழு, நீளப் புல்லின் இலையைச் சுருட்டித் தைத்து உள்ளே குடியிருக்கும். மொத்தப் புல்லையும் ஒட்ட வெட்டினால் வீடும் போச்சு, புழுவும் போச்சு. வெட்டாமலே விட்டால் புதர் மண்டிவிடும். அதனால் பாதி இந்த வருடம், மீதி அடுத்த வருடம் என்று வெட்டுவார்கள்.

3

மேகம் மூடினால் துள்ளி பறக்காது; புல்லடியில் ஒடுங்கிவிடும். அப்போது எண்ணக்கூடாது. இந்த வேலையின் அரிச்சுவடி அது. ஆனால் இந்தப் பருவம் முழுக்க மூட்டம். தேதிக்குள் படிவம் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும். தங்கை நாலு வார நடையையும் மூட்டத்திலேயே நடந்து, நாலிலும் ‘பூஜ்யம்’ என்று எழுதி, வானிலைக் கட்டத்தில் ‘வெயில்’ என்று போட்டாள். பூச்சியே இல்லையே என்று முழுப் புல்லையும் வெட்ட உத்தரவாகிவிட்டது.

4

கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். உத்தரவு போட்ட அவளுடைய மேலதிகாரியை முரடராக்கிப் பார்த்தேன். தங்கை விடவில்லை.

“அவர் தங்கமான மனுஷன்க்கா. நான் எழுதினதை நம்பினார், அவ்வளவுதான்.”

“அப்போ உண்மையைச் சொல்லித் தொலையேன்டி.”

“சொன்னா, ஆறு வருஷமா நான் எண்ணினது எல்லாமே பொய்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அந்தக் கணக்கைக் காட்டித்தான் வேற மூணு புல்வெளியைக் காப்பாத்தி வச்சிருக்கோம்.”

“சொல்லலைன்னா?”

“இந்தப் புல்வெளி ஒண்ணு போகும்.”

பாவி, என்னிடம் ஏன் சொன்னாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

5

முடிவுகள்.

அ) சொல்கிறாள், மன்னிக்கிறார்கள். [சினிமா.]

ஆ) சொல்லவில்லை, அடுத்த வருடம் எங்கிருந்தோ ஒரு துள்ளி வந்து சேர்கிறது. [வராதாம். நடுவில் பெரிய சாலையும் கிடங்குகளும் இருக்கின்றன.]

இ) அவள்

போன் வந்துவிட்டது. புல்வெட்டும் வண்டி வந்து நிற்கிறதாம்.

“அக்கா, இன்னைக்குன்னு பார்த்து வெயில் அடிக்குது. எல்லாம் வெளிய வந்து பறக்குதுக்கா. வண்டிக்காரர் இன்ஜினை நிறுத்திட்டு, ‘இது என்ன பூச்சிம்மா?’ன்னு கேக்கறார். மேலதிகாரி பக்கத்துலதான் நிக்கறார், அவருக்குப் பார்த்தா துள்ளின்னு அடையாளம் தெரியாது. என்ன சொல்லட்டும்?”

எனக்குத் தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே சொல்லுங்கள். லைனில்தான் இருக்கிறாள்.