கூட்டிச் சேர்த்த பன்றி

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தெருவில் பார்த்தால் "முடிஞ்சுதா டாக்டர்?" என்பார்கள். முடி வெட்டப் போனாலும் அதுதான், சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது காதோரம் குனிந்து கேட்பதும் அதுதான். ஊர் முழுக்கப் பன்றி அடிக்கும் காலம். நான் கால்நடை மருத்துவன். நான் சரி என்று சொல்லும்வரை எந்த வீட்டிலும் ஒரு துண்டு வாயில் வைக்கக்கூடாது.

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. பன்றியைத் திறந்ததும் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் நடுவே சுவர் மாதிரி நிற்கிற உதரவிதானத்திலிருந்து ஒரு துண்டை வெட்டி, ஜாம் பாட்டிலில் போட்டுக் கொண்டுவருவார்கள். அதைக் கத்தரித்து, இரண்டு கனத்த கண்ணாடிகளுக்கு நடுவே நசுக்கி, உருப்பெருக்கியில் பார்ப்பேன். தேடுவது ஒரு புழுவை. மயிரைவிட மெல்லியது, தசைக்குள் சுருண்டு படுத்திருக்கும். அந்த இறைச்சியைத் தின்றவனுடைய தசையில் போய் மறுபடி படுத்துக்கொள்ளும். உதரவிதானம்தான் அதற்கு ரொம்பப் பிடித்த இடம். மூச்சு ஓடும்வரை ஓய்வே தெரியாத தசை அது. உழைப்பாளிகளாகப் பார்த்துப் பிடிக்கிற புழு. என்னைத் திறந்து பார்த்தால் ஒன்றுகூட இருக்காது.

என் பிரச்சினை வேறு. இடுப்பு முள்ளெலும்புகளில் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவிலிருக்கும் தட்டு பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பசு என்னைத் தொழுவச் சுவரோடு சேர்த்து அழுத்தியதில் வந்தது. பசுவின் மேல் தப்பில்லை, நான்தான் அதன் வழியில் நின்றேன். அன்றிலிருந்து நான் நிற்பதும் உட்காருவதும் அந்தத் தட்டின் அனுமதியோடுதான்.

அன்று காலை மிலுட்டின் பாட்டிலோடு வந்தான். ஞெகோவனின் இளைய மகன். நோவி சாத் நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை. மூன்று வருஷமாக அவனை ஊரில் பார்க்கவே இல்லை.

"அப்பா குடுத்து விட்டாரு," என்றான். "சீக்கிரம் பாத்தீங்கன்னா நல்லாருக்கும். மத்தியானம் கிளம்பணும்."

"எல்லாரும் சீக்கிரம்தான் தம்பி. இந்தப் பாட்டில் எல்லாம் எதுக்கு நிக்குதுன்னு நினைக்கிறே, கண்காட்சிக்கா?"

அவன் போன பிறகு வரிசைப்படியேதான் பார்த்தேன். அவனுடைய முறை வந்தபோது கண்ணாடிக்குள் இரண்டு சுருள். வேறொரு துண்டை வெட்டிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். புழு என் கண்ணில் இல்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் பன்றியை அடித்த வீட்டில் போய் அதை இரண்டாம் முறை கொல்கிறவன், முகத்தையாவது காட்ட வேண்டும். மேலங்கியை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஞெகோவன் வீட்டு முற்றத்தில் வேலை பாதி முடிந்திருந்தது. முதுகெலும்பை முழுசாக உருவி எடுத்திருந்தார்கள். தொடைகளும் முன்னங்கால்களும் மேஜையில் கிடந்தன. நுரையீரலும் இதயமும் ஈரலும் ஒரே கொத்தாக ஆணியில் தொங்கின. பக்கத்து வீட்டு ஸ்தானா வாளியில் குடல் அலசிக்கொண்டிருந்தாள். மூத்த மகன் ஒப்ராட் ஒரு கோடியில் கொழுப்பை வெட்டிக்கொண்டிருந்தான், மிலுட்டின் மறு கோடியில் தோலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பிரேதப் பெட்டி வைக்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. சரியான உவமைதான். அவர்கள் அம்மாவின் அடக்கத்திலிருந்தே இருவரும் பேசிக்கொள்வதில்லை. பனியில் பஸ் சிக்கி மிலுட்டின் வந்து சேருவதற்குள் ஒப்ராட் அடக்கத்தை முடித்துவிட்டான்.

என்னைப் பார்த்ததும் ஸ்தானா குடலை வாளிக்குள் விட்டாள். "டாக்டரு நடந்தே வந்துட்டாரு. அப்ப நல்ல சேதி இல்ல."

"யாராச்சும் ஏதாவது தின்னீங்களா? பச்சைக் கறிக் கலவைல உப்பு பாத்தீங்களா?"

இதுதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்கிற தப்பு. குடலில் அடைக்கும் தொத்திறைச்சிக்கு அரைத்த கலவையை விரலில் எடுத்து, பச்சையாகவே நக்கி, மிளகாய்த்தூள் போதுமா என்று வாதாடுவார்கள். என் முடிவுக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் எல்லோருக்கும் நாக்கு ஊறும்.

"இன்னும் அரைக்கவே இல்லையே," என்றான் ஒப்ராட். "இவன் பட்டணத்து வேகத்துக்கு ஈஸ்டர் வரைக்கும் சுரண்டினாலும் முடியாது. அப்பா, அவன்கிட்ட சொல்லு."

ஞெகோவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முழுப் பன்றியும் போக வேண்டும், ஒரு துளிக் கொழுப்புகூட மிஞ்சக்கூடாது, எரிப்பதற்கு லாரி வந்து எடுத்துக்கொள்ளும், அதுவரை என் கால்நடை மருத்துவமனைக் கொட்டகையில் பூட்டி வைக்க வேண்டும் என்று சொன்னேன். யாரும் கத்தவில்லை. ஒப்ராட் கத்தியைத் துணியில் துடைத்தான். மிலுட்டின் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஞெகோவன் என் முழங்கையைப் பிடித்துச் சோளக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். எழுபதைத் தாண்டியவர், பிடியில் மட்டும் வயசாகவில்லை.

"சாயங்காலமா வந்து சொல்லியிருக்கக் கூடாதா டாக்டர்?"

"அதுக்குள்ள தின்னுருப்பீங்க."

"தின்ன விட்டிருக்க மாட்டேன். சத்தியமா." முற்றத்துப் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினார். "சின்னப் பன்னின்னா நானும் ஸ்தானா புருஷனுமா முடிச்சிருவோம். பசங்களுக்கும் அது தெரியும், வர மாட்டானுங்க. அதான் ரெண்டு வருஷமாப் போட்டு வளத்தேன். பாத்தீங்கல்ல, கன்னுக்குட்டி மாதிரி. நாலு ஆம்பளை புடிச்சாத்தான் அடங்கும். பின்னங்கால ஒருத்தன், முன்னங்கால ஒருத்தன். புடிச்சாங்க டாக்டர். ஒரே பன்னிய ரெண்டு பேரும் புடிச்சாங்க."

"பேசினாங்களா?"

"இன்னும் இல்ல. வறுவல் போடற நேரத்துல பேசுவாங்கன்னு இருந்தேன். இனி என்ன, கையக் கழுவிட்டுப் போயிருவாங்க."

எனக்கு அந்த நேரத்தில் வீட்டுக்குப் போய்த் தரையில் படுத்து, நாற்காலி மேல் காலைத் தூக்கிப் போட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை இல்லை. இன்னும் பாட்டில்கள் காத்திருந்தன. அப்புறம் முற்றத்தில் போய் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்ததால் என்று சொல்லலாம். திரும்பி நடக்கக் கால் மறுத்தது என்பதும் உண்மைதான்.

முற்றத்துக்கு வந்து, இருப்பதில் கடுமையான குரலை எடுத்தேன். "பன்னிய இப்படித் துண்டு துண்டா ஏத்திக்க முடியாது. எதுவும் காணாமப் போகலைன்னு நான் பாக்கணும். கூட்டிச் சேத்து வைங்க."

"எதை?" என்றான் மிலுட்டின்.

"பன்னிய. அது இருந்த மாதிரியே. கதவைக் கழற்றிப் போட்டு அது மேல."

சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. தலையையும் கால்களையும் பார்த்து எடை போட்டால் போதும். ஆனால் சட்டத்தைப் படித்தவன் அந்த முற்றத்தில் நான் ஒருவன்தான்.

"இந்த வேலைல நான் எத்தனையோ கூத்து பாத்துருக்கேன்," என்றாள் ஸ்தானா. "செத்த பன்னிக்கு அலங்காரம் இப்பத்தான்."

எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். சகோதரர்கள் பழைய தொழுவக் கதவைக் கழற்றி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து முற்றத்தில் வைத்தார்கள். முதுகெலும்பை நடுவில் நீட்டினார்கள். இரண்டு பக்கமும் விலா. அதுவரை சிக்கல் இல்லை. அதன் பிறகு ஒப்ராட் ஒரு முன்னங்காலைக் கொண்டுவந்து வைத்தான். மிலுட்டின் அதை எடுத்து அடுத்த பக்கம் வைத்தான். ஒப்ராட் மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான்.

"அப்பா, அவன்கிட்ட சொல்லு, அது இடது கால்னு."

ஞெகோவன் இருமினார். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு," என்று சொல்லி அடுப்புக்கு விறகு வைக்க வீட்டுக்குள் போய்விட்டார். போனவர் திரும்பி வரவே இல்லை.

இருவரும் காலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"வலது," என்றான் மிலுட்டின் கடைசியில். "பன்னியோட வலது. உனக்கு இடப் பக்கம்னா அது இடதாயிராது."

"தோள்பட்டை எலும்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாருடா. மேடு வெளியதான வரும்."

"வெளியதான் இருக்கு. குளம்பு பின்னால போகுதே, அதைச் சொல்லு."

ஒப்ராட் காலைத் தூக்கிப் பார்த்தான். "ஆமா," என்றான். பிறகு, "முதல்லயே குளம்புன்னு சொல்றதுக்கென்ன," என்றான்.

அதன்பிறகு அவர்கள் பேசியது முழுக்கப் பன்றியைப் பற்றித்தான். இது கழுத்துச் சதையா, கன்னமா. அந்த முட்டிச்சில்லு எங்கே, நாய் தூக்கியதா. ஆணியில் தொங்கிய கொத்தை நெஞ்சறைக்குள் இறக்கும்போது இதயத்தின் நுனி எந்தப் பக்கம் சாயும் என்று சண்டை வந்தது. மிலுட்டின் தன் சட்டைமேல் கையை வைத்துத் துடிப்பைத் தேடினான். "இங்க," என்றான். "நமக்கும் அதுக்கும் ஒண்ணுதான்."

"உனக்கு இருக்குதா முதல்ல?" என்றான் ஒப்ராட்.

"உதரவிதானத்தை ஓரத்துல ஒட்டி வைங்க," என்றேன் அவசரமாக. "அதுல என் துண்டு மட்டும் குறையும், பரவால்ல."

ஸ்தானா குடலைச் சுருள் சுருளாக வயிற்றறைக்குள் அடுக்கினாள். இவ்வளவு நீளம் எப்படி இதற்குள் இருந்தது என்று முனகினாள். கடைசியில் கதவுமேல் ஒரு பன்றி கிடந்தது. ரொம்பக் களைத்த பன்றி. பார்க்க எனக்கே சொந்தக்காரன் மாதிரி இருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தேன். முதுகெலும்பின் உட்பக்கம், சிறுநீரகம் ஒட்டியிருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் வெறும் பள்ளம். அங்கே நீளமாக இரண்டு தசைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பன்றியிலேயே மெத்தென்ற கறி அதுதான். மனிதனுக்கும் அதே இடத்தில் உண்டு. காலைத் தூக்கி வைப்பது அதன் வேலை. என்னுடையது வேலைநிறுத்தத்தில் இருப்பதால் எனக்கு நன்றாகத் தெரியும்.

"உள்முதுகுத் தசை ரெண்டும் எங்க?"

இந்த முறை என் குரல் கடுமையானதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. புழுவுள்ள கறி எங்கோ ஒரு பையில் கிடந்தால், யாரோ ஒரு குழந்தை தட்டில் போய் விழும்.

"பட்டணத்துக்காரனைக் கேளுங்க," என்றான் ஒப்ராட். "அங்கதான் மெத்துமெத்துன்னு கேப்பாங்க."

"என்னைச் சொல்றியா? காலைல இருந்து கத்தி உன் கைலதான இருந்துச்சு?"

"ரெண்டு பேர் வண்டியையும் நான் பாக்கணும்," என்றேன்.

இருவர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. முதலில் மிலுட்டின் நகர்ந்தான். காரைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து கதவின் மேல் வைத்தான். ஒப்ராட் தன் டிராக்டர் இருக்கைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைக் கொண்டுவந்தான்.

"அப்பா குடுத்தாரு," என்றான் மிலுட்டின். "உனக்குச் சொல்ல வேண்டாம்னாரு. புள்ளைக்கு வறுத்துக் குடுன்னாரு."

"எனக்கும் அதையேதான் சொன்னாரு. 'அவனுக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவான்'னு."

இருவரும் சேர்ந்தாற்போல் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அந்த இரண்டு முதுகுகளும் ஒரே அச்சில் வார்த்தவை என்று அப்போதுதான் கவனித்தேன்.

"அப்பா, வெளிய வாங்க."

ஞெகோவன் வாசலில் வந்து நின்றார். இருவரும் மாறி மாறித் திட்டினார்கள். டாக்டர் சரின்னு சொல்றதுக்கு முன்னாடி யாராவது கறி குடுத்து அனுப்புவாங்களா, எம்பொண்ணுக்கு ஆறு வயசுப்பா, ஒருத்தன் ஆரம்பிச்சத இன்னொருத்தன் முடித்தான். கிழவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய ஒருவரை நான் பார்த்ததில்லை.

"உங்கம்மா அப்படித்தான் குடுப்பா," என்றார் கடைசியில். "ரெண்டு பேருக்கும் தனித்தனியா. ரெண்டு பேரும் தனக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு சாப்புடுவீங்க."

மிலுட்டின் தன் பிளாஸ்டிக் பையைப் பிரித்து, தசையை எடுத்துப் பள்ளத்தில் பொருத்தினான். பொருத்திக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "அன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னுருக்கலாம் நீ," என்றான்.

"நின்னேன்," என்றான் ஒப்ராட். "ரெண்டு மணி நேரம் நின்னேன். பாதிரியார் போகணும்னாரு. அப்பா நடுங்கிட்டிருந்தாரு. ரோட்டைப் பாத்துட்டேதான் நின்னேன்." தன் பொட்டலத்தையும் அவனிடம் நீட்டினான். "அடுத்த பக்கமும் நீயே வை. விரல் விறைச்சுப் போச்சு. குளிரு."

மிலுட்டின் வாங்கி வைத்தான். அவ்வளவுதான் நடந்தது. கட்டிப்பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கெல்லாம் இன்னும் நிறையச் சாராயம் வேண்டும்.

கத்திகளையும் பலகைகளையும் கொதிக்கவைத்து, முற்றத்தைக் கழுவினோம். அதாவது அவர்கள் கழுவினார்கள், நான் எங்கே கழுவவில்லை என்று சொன்னேன். பன்றியைக் கதவோடு தூக்கி வண்டியில் ஏற்ற இருவருமே தேவைப்பட்டார்கள், கொட்டகையில் இறக்கவும் இருவருமே. பூட்டிவிட்டுத் திரும்பியபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மிலுட்டின் சொன்ன மத்தியானம் எப்போதோ தாண்டியிருந்தது.

வீட்டில் ஸ்தானா உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தாள். கறி இல்லை, கொழுப்பு இல்லை, வெங்காயமும் மிளகாய்த்தூளும் மட்டும். பன்றி அடித்த நாளில் இந்த ஊரில் யாரும் சாப்பிட்டிராத சாப்பாடு. ஞெகோவன் என்னையும் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று எச்சரித்துவிட்டு உட்கார்ந்தேன். ஒப்ராட் தட்டுகளை எடுத்தான். எத்தனை என்று கேட்காமல், முற்றத்தைப் பார்த்தபடி கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

மிலுட்டின் கார்ச் சாவியோடு முற்றத்தில் நின்று மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தான். அந்த வீட்டு ஜன்னல் சரியாக மூடாது, எல்லாம் கேட்டது.

"இல்ல, கறி இல்ல... ஆமா, புழுவாம். முழுசாப் போச்சு... இல்லம்மா, இன்னிக்கு வரல. காலைல வரேன்... எதுக்குன்னா? பன்னி இல்லதான். சும்மாதான் இருக்கேன்."

ஞெகோவன் எதுவும் காதில் விழாதவர் மாதிரி, கூடையிலிருந்து இன்னும் இரண்டு உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.