ஃபாதர் கழற்றாத ஊதாப் பட்டை

1

இந்தக் கதை ஒரு பெஞ்சுக்கு அடியிலிருந்து கிடைத்தது. பல்கலைக்கழகத் தேர்வுக்கூடத்துக்கு பெஞ்சு சுமந்து போனேன். வழியில் கேன்டீன். அங்கே ஒரு ஃபாதர், பாவசங்கீர்த்தனம் (செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது) கேட்கும்போது மட்டும் போடுகிற ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேநீருக்கு எதற்குப் பட்டை? கேட்டிருப்பேன், தலையில் பெஞ்சு. மீதியெல்லாம் நானாகக் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "இறைவனின் அழைப்பை ஏற்று, ஆன்மாக்களின் மேய்ப்பராய், கல்விச் சோலையில்..." (மூச்சு வாங்கியது. இறக்கி வைத்துவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவனுக்கு பெஞ்சே தேவலை.)

2

ஃபாதர் அங்கே மாணவர் நலத் தலைவர். வேதம் போதிக்க வந்தவர், இருபது வருடமாக விடுதித் தண்ணீர்த் தொட்டிக்கும் குளியலறைத் தாழ்ப்பாளுக்கும் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் தேர்வு நடுவில் தீ எச்சரிக்கை மணி அலறியது. தீ இல்லை. தேர்வும் இல்லாமல் போனது. மறுநாள், சிற்றாலயத்திலிருந்து பட்டையைக் கழற்ற மறந்து அலுவலகம் வந்தவர் முன்னால், சட்டம் படிக்கிற பையன் ஒருவன் உட்கார்ந்தான். பட்டப்பெயர் வக்கீல். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் தூங்குகிறவன்.

"பட்டை போட்டிருக்கீங்க. அப்ப இது பாவசங்கீர்த்தனந்தானே ஃபாதர்? வெளிய போகாதே?"

தண்ணீர்த் தொட்டி நினைவில் தலையாட்டிவிட்டார்.

"மணிய அடிச்சது நான்தான். ஒரு பக்கம்கூடப் படிக்கல."

நீயே போய்ச் சொல்லிவிடு என்றார் ஃபாதர். யோசிக்கிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. அன்று மாலை காவலாளி, தாமதமாக வந்து மணிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணை அடையாளம் காட்டினார். நெட்டை என்று கூப்பிடுவார்கள். விசாரணையில் தோற்றால் அவளுக்கு ஒரு வருடம் போச்சு.

திருடியது ஒருவன், தேள் கொட்டியது ஃபாதரை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. வக்கீலிடமேகூட அந்தப் பேச்சை எடுக்கக்கூடாது, அவனாகத் திரும்ப வந்து பட்டைக்கு முன்னால் உட்கார்ந்தால் ஒழிய.

3

அதனால் பட்டையைக் கழற்றவே இல்லை. கேன்டீன், விளையாட்டு மைதானம், முடிவெட்டும் கடை வரைக்கும் போட்டுக்கொண்டே திரிந்தார். வக்கீலைத் தவிர எல்லாரும் வந்தார்கள். தொட்டிக் குழாயை உடைத்தவன், காப்பியடித்தவள், காவலாளியின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியவன். ஒரே வாரத்தில் வளாகத்துக் குற்றம் அத்தனையும் அவருக்குத் தெரியும், ஒன்றையும் விசாரிக்க முடியாது. வக்கீலை எதிரில் பார்த்தபோது "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்றான்.

(இவ்வளவு அப்பாவியா ஒரு தலைவர்? எனக்கும் சந்தேகம்தான். ஆனால் கேன்டீனில் பார்த்த முகம் அப்படித்தான் இருந்தது.)

4

விசாரணை அறை. பதிவாளர் கேட்கிறார்: "பசங்க எல்லாம் உங்ககிட்டதான் மனசு விட்டுப் பேசுறாங்க ஃபாதர். இந்தப் பொண்ணு அடிச்சாளா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

'இல்லை' என்று சொன்னாலும் ரகசியத்திலிருந்து எடுத்துச் சொன்னதாகும். நெட்டை அவரையே பார்க்கிறாள். ஃபாதர் வாயைத் திறந்து...

வக்கீல் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான் என்று எழுதினேன். சினிமா. அந்த வரியை அடித்துவிட்டேன். மணியை நானே அடித்தேன் என்கிறார் ஃபாதர் என்று எழுதினேன். பொய் சொல்லமாட்டேன் என்று பேனாவோடு மல்லுக்கு நின்றார். விட்டுவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தைத் தற்செயலாகக் காதில் வாங்கினவர்களும் வாய் திறக்கக்கூடாதாம். வக்கீல் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஃபாதரை வெளியே அனுப்பிவிட்டேன், பாவம், தண்ணீராவது குடிக்கட்டும். அவர் நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பதிவாளர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். நெட்டை உங்களைத்தான் பார்க்கிறாள்.