தண்ணீர் வரிசை

நைரோபி ஆபீஸில் கட்ஸோவுக்கும் அவள் முதலாளி பராசாவுக்கும் மூண்ட சண்டை ஒரே ஒரு கட்டத்தைப் பற்றியது. சிரிக்காதீர்கள், கட்டம்தான். கடலோரத்தில் விடுமுறைக்கு வாடகை வீடு தேடுகிறவர்கள் மூன்று வீடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க, அவர்களுடைய இணையதளத்தில் ஒரு வசதி வேண்டியிருந்தது. அதை வடிவமைக்கிற வேலை கட்ஸோவுடையது. படுக்கையறை, நீச்சல் குளம், வைஃபை, கடல் எவ்வளவு தூரம் என்று பராசா சொன்ன வரிசைகளையெல்லாம் போட்டுவிட்டு, அவர் சொல்லாத ஒன்றையும் அடியில் சேர்த்திருந்தாள்: வீட்டில் நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

கடலோர ஊரான கிலிஃபியில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? அங்கே பாதிக் கிணறு உப்பு. டிசம்பர் வந்தால் நைரோபிக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் காரில் நசுங்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். இறங்கினதும் முதல் வேலை, பால் ஊற்றி டீ கொதிக்க வைப்பது. முதல் வாய் டீ கரித்ததோ, அத்தோடு விடுமுறை போச்சு. குளம் எவ்வளவு நீலமாக இருந்து என்ன பிரயோஜனம்? தளத்துக்கு வருகிற புகார்களில் டீயைப் பற்றியவைதான் அதிகம்.

இதில் அவள் வீட்டு அடுப்பும் சம்பந்தப்பட்டிருந்தது. அப்பா விட்டுப்போன நிலத்தில் அம்மா கட்டின வீடும் இதே தளத்தில்தான் இருந்தது. டிசம்பர் வாடகையில்தான் அம்மா வருஷம் பூரா சாப்பிட வேண்டும். அந்தக் கிணறும் உப்பு.

வீட்டுக்காரர்களிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்டு அனுப்பியதும் முதல் ஆளாகப் பதில் போட்டது அம்மா. உப்பு என்றே போட்டுவிட்டாள். மற்றவர்கள் வாயே திறக்கவில்லை. பதில் இல்லாத கட்டங்களைக் காலியாக விடச் சொன்னார் பராசா. கட்ஸோ அப்படியே போட்டுப் பார்த்தாள். இரண்டு வீட்டுக்குக் கீழே காலி, அம்மா வீட்டுக்குக் கீழே மட்டும் உப்பு. காலியைப் பார்க்கிறவன் அங்கே குறையில்லை என்றுதானே நினைப்பான்? உள்ளதைச் சொன்னவளுக்கு அடி, கமுக்கமாக இருந்தவனுக்கு யோகம். இது எந்த ஊர் நியாயம்?

காலிக் கட்டங்களில் எல்லாம் ‘கேட்டோம், சொல்லவில்லை’ என்று போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாள். பராசாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வீட்டுக்காரர்களைச் சந்தியில் நிறுத்துகிற மாதிரி இருக்கிறதாம். எல்லோரும் வேறு தளத்துக்கு ஓடிவிடுவார்களாம். கடைசியில் குத்தலாகக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லு. இதெல்லாம் உங்கம்மா வீட்டுக்காகத்தானே?”

கட்ஸோவுக்குச் சுருக்கென்றது. அதில் பாதி நிஜம் வேறு. அதனாலேயே இனிமேல் ஒரு அடிகூடப் பின்னால் வைக்கக்கூடாது என்று ஆகிவிட்டது அவளுக்கு.

“சரி பாஸ். எங்கம்மா வீட்டைத் தளத்துலேர்ந்து இப்பவே தூக்கிடறேன். அப்புறம் இந்த வரிசை இருக்கலாம்ல?”

பராசா இதை எதிர்பார்க்கவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார். இருக்கட்டும், ஆனால் வீட்டுக்காரர்கள் போன் பண்ணிக் கத்தினால் நீதான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றார்.

அம்மாவின் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டதைக் கட்ஸோ அன்றைக்கே போனில் சொன்னாள். அம்மா ஏன் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்று வைத்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒப்பிடும் வசதி தளத்தில் வெளியே வந்தது. வீட்டுக்காரர்கள் கத்தத்தான் செய்தார்கள். கட்ஸோ ஒரு போனையும் தவறவிடவில்லை. கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, அதெல்லாம் இருக்கட்டும், உங்கள் கிணறு எப்படி என்பாள். சிலர் முனகிக்கொண்டே சொன்னார்கள். சிலர் படக்கென்று வைத்தார்கள். வைத்தவர்களுக்கு மறுநாள் அவளே போன் போட்டாள்.

நவம்பரில் ஒரு காலை பராசா அவளைக் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கிலிஃபியில் மூன்று வீடுகள். இரண்டுக்குக் கீழே ‘கேட்டோம், சொல்லவில்லை’. மூன்றாவது அம்மா வீடு. கட்ஸோவுக்குப் பகீரென்றது. சத்தியமாக நான் தொடவே இல்லை என்றாள்.

“தெரியும். உங்கம்மாவே எல்லாரையும் மாதிரி புதுசா பதிஞ்சிருக்காங்க. கடைசி வரிசையைப் படி.”

அம்மாவின் பேச்சு அப்படியே எழுத்தில் இருந்தது. ‘உப்புத் தண்ணிதான். டீக்கு மட்டும் நல்ல தண்ணி தினமும் தள்ளுவண்டிக்காரனிடம் வாங்கி வைப்பேன்.’ கட்டத்துக்கும் கீழே, முன்பதிவு நாட்காட்டியில், டிசம்பரில் ஒரு நாள்கூட மிச்சமில்லாமல் வீடு நிறைந்திருந்தது. கட்ஸோவுக்குக் கண் கரித்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பராசா லேசாகக் கனைத்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் குடும்பத்துக்கு அந்த வீடுதான் வேண்டுமாம், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று இழுத்தார்.

கட்ஸோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள்.

“பக்கத்து வீடு காலியாத்தான் இருக்கு பாஸ். தண்ணி எப்படின்னுதான் தெரியல. கேட்டோம், சொல்லல.”