தண்ணியை மறித்தவர் பேர்

கல்முனையில் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுப் பொறியோடு இருந்து பெட்டிஷன் எழுதும் மர்சூக்குக்கு, இங்கிலீஷில் ‘டிஸ்ரப்ட்’ என்ற சொல்லின் மேல் தனிப் பிரியம். கரண்ட் போனாலும் அதுதான், பஸ் வராவிட்டாலும் அதுதான். அடித்து முடித்ததும் மனுசன் ஒருதரம் வாய்விட்டு வாசிப்பார். வந்தவருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். எண்பத்தோராம் ஆண்டு சிறுபோக நெற்செய்கையில் ஹாஜறாவின் இரண்டு ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் வராமல் போனபோதும் அதையே போட்டார்: தண்ணீர் விநியோகம் டிஸ்ரப்ட் ஆகிவிட்டது, கவனிக்கவும்.

நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்த அதிகாரிகளும் கவனிக்கத்தான் செய்தார்கள். ஜீப்பில் ஓர் ஐயா வந்து, வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று வெயிலில் தேடினார். வாய்க்காலுக்கு ஒரு கேடுமில்லை. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை சீனிமுகம்மதுவை விசாரித்தார். அவரும் குறை ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தார். ஐயா போய்விட்டார்.

பத்தாம் நாள், வாய்க்காலில் உடைப்பு எதுவும் இல்லை என்று வந்த கந்தோர்க் கடிதத்தோடு ஹாஜறா வந்து நின்றாள். புருஷன் மௌத்தாகிப்போன அவளுக்கு அந்த வயல்தான் சோறு. பயிர் கதிர் விடப்போகிற குடலைப் பருவத்துக்கு வந்துவிட்டது, இன்னும் ஒரு கிழமை காய்ந்தால் வைக்கோல்தான் மிஞ்சும் என்றாள். கடிதத்தை வாசித்த மர்சூக்குக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எதுவோ, யாரோ குலைத்தால்தான் அந்தச் சொல். குலைத்தது யார் என்று அவர் எழுதவில்லை. இந்தப் பக்கத்துப் பெட்டிஷனில் யாரும் எழுதுவதுமில்லை. நாளைக்கும் ஒரே பள்ளியில் தொழ வேண்டும், கலியாண வீட்டில் ஒரே சகன் தட்டைச் சுற்றி இருந்து தின்ன வேண்டும். அதனால் கெட்டதெல்லாம் தானாக நடந்ததாகவே எழுதிப் பழக்கம்.

“தண்ணிய மறிச்ச ஆள் ஆரு ராத்தா? பேர் வேணும்.”

ஹாஜறா முக்காட்டை இழுத்துவிட்டாள். மடையை அடைத்துத் தன் வயலுக்குத் திருப்பியது வட்டவிதானைதான் என்றாள். அவர் தன் கூடப்பிறந்த காக்கா, மூத்தவர் என்றும் சொன்னாள். பேரைப் போட்டால் காக்காவின் பதவி போகும், போடாவிட்டால் தங்கச்சியின் பயிர் போகும்.

“எனக்கு வீடு கட்டித் தந்து, கலியாணம் முடிச்சு வெச்சதும் அவர்தான். அதையும் எழுத ஏலுமா தம்பி?”

“எழுத ஏலும். ஆனா அதுக்குத் தண்ணி வராது, ராத்தா.”

அவள் மேசையிலிருந்த கந்தோர்க் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். பிறகு வாப்பாவின் பேரோடு சேர்த்துக் காக்காவின் பேரைச் சொன்னாள். மர்சூக் அடித்துக் கொடுத்தார், வாசித்துக் காட்டவில்லை.

நாலாம் நாள் மடை திறந்தது. விதானைப் பதவி வேறொருவருக்குப் போனது.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் ஹாஜறா ஒரு பொட்டலம் பலகாரத்தைக் கொண்டுவந்து மர்சூக்கின் மேசையில் வைத்தாள். சுகம் விசாரித்ததற்கு, வெள்ளாமை தப்பிவிட்டது, நல்ல விளைச்சல் என்றாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

“பெருநாளைக்குக் காக்கா வரல்ல, தம்பி. மஃரிபு பாங்கு சொல்ற மட்டும் சோத்த மூடி வெச்சிக்கிட்டு இருந்தன்.”