ஐந்து வாட்டுக்கு ஓர் ஒட்டகம்

என் அத்தை மகன் கமாதின் ஓர் இளம் ஒட்டகத்தைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ரொட்டிக்கூடை அளவில் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு எங்கள் முற்றத்தில் வந்து நின்றான். கிதார் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும் ஆம்ப். மார்செய்யிலிருந்து திரும்பிய எவனோ தமன்ராசெத் சந்தையில் அதை இவன் தலையில் கட்டிவிட்டான்.

"ஒட்டகம் எங்கடா?" என்றேன்.

"இதுதான்."

"தண்ணி குடிக்குமா?"

"கரண்ட் குடிக்கும். அதுக்குத்தான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

அவன் வீட்டிலும் கரண்ட் இருக்கிறது. ஆனாலும் உப்பு வாங்க, ஆட்டைத் தேட, கத்தி தீட்ட என்று எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு தினமும் இங்கேதான் வருவான். வந்தால் என்னை வம்புக்கு இழுப்பான். பாலைவனத்து எங்கள் ஆட்களில் அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் கிண்டல் செய்தே ஆக வேண்டும். ஒருநாள் சும்மா இருந்தால், உடம்புக்கு என்ன என்று வீட்டார் விசாரிப்பார்கள். அதனால் வந்த வினை, இவன் பேசுவதில் எது கேலி, எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. "உன்னைக் கட்டிக்கிறதுக்கு ஒரு கழுதையைக் கட்டிக்கலாம்டி" என்பான். அடுத்த மூச்சில் என் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டுவான். ஆனால் பெண் கேட்டு ஒரு ஆளை அனுப்ப மட்டும் அவனுக்கு நேரம் வாய்க்கவில்லை.

இதற்குள் ஜானெத்திலிருந்து ஒரு லாரிக்காரனுடைய வீட்டார் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக அம்மா சொல்லியிருந்தாள். இது கமாதினுக்கும் தெரியும். தெரிந்தும் ஐயா ஆம்ப் வாங்கப் போயிருக்கிறார். எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும்போல் இருந்தது.

பெட்டியைப் பரீட்சை செய்ய கிஸ்ஸாவும் வந்திருந்தான். கமாதின் வாசிக்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன். ஆள் உயர ஸ்பீக்கர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் கல்யாணம் போகிறவன். தேநீர்ப் பாத்திரத்தை அடுப்புக் கரியின்மேல் வைத்துவிட்டு, பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"எத்தன வாட்?"

"அஞ்சு."

"எங்க வீட்டுக் கக்கூஸ் பல்பு ஒம்போது."

கமாதின் காதில் வாங்கவில்லை. ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துச் சொருகி, சுவிட்சைப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

"செத்துப்போச்சு," என்றான் கிஸ்ஸா. "அடக்கம் பண்ணிட்டு வந்து டீ குடிக்கலாம்."

"இரு. ட்யூப் சூடாகணும்."

மூவரும் பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தோம். உள்ளே இரண்டு கண்ணாடிக் குழாய்கள். கொஞ்ச நேரத்தில் அவற்றின் நடுவே சின்னதாகச் சிவப்பு ஏறியது. பெட்டி 'ம்ம்' என்று முனக ஆரம்பித்தது. கமாதின் கிதாரை மடியில் போட்டுக்கொண்டு மெல்ல ஒரு தந்தியைத் தட்டினான். சுத்தமான சத்தம்தான். ஆனால் ரொம்பச் சன்னம்.

"கொசு நல்லாப் பாடுது," என்றேன். "ஒட்டகத்த விட்டுட்டு கொசு புடிச்சிட்டு வந்திருக்க."

"இதைச் சத்தமா வச்சாத்தான்டி அதோட குணம் தெரியும்," என்று சத்தத்தைக் கூட்டும் திருகை மெல்ல மெல்லத் திருப்பினான்.

பாதி தாண்டியதும் பெட்டிக்குத் தொண்டை திறந்தது. மெல்லத் தொட்டால் குழைந்தது. விரலை அழுத்தி வீசினால் கரகரத்துக் கர்ஜித்தது, விடிய விடியப் பாடிய பெண்ணின் குரல்போல. கிஸ்ஸா உயரத்திலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், கிளாஸ் நிறைந்து வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் ஆண்கள் தலையோடு சேர்த்து முகத்தில் சுற்றிக்கொள்கிற முகத்துணி, கமாதினுக்குத் தாடைக்குக் கீழே நழுவிவிட்டது. பல்லெல்லாம் தெரிய, கண்ணை மூடிக்கொண்டு பாடினான். நன்றாக இருந்தது. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

"இன்னும் ஏத்து," என்றான் கிஸ்ஸா.

கமாதின் திருகில் கை வைத்தான். அந்த நேரம் பார்த்து அம்மா சாப்பாட்டுக் கிண்ணத்தோடு முற்றத்துக்கு வந்தாள்.

அவன் கை அப்படியே திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனது. இன்னொரு கை முகத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டது. பிறகு எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

 எங்களில் ஓர் ஆண் இப்படிச் செய்வது ஒரே ஒருத்திக்குத்தான், பெண்டாட்டியின் தாய்க்கு. அவள் எதிரில் வாயைக் காட்ட மாட்டான், மென்று தின்ன மாட்டான், சத்தம் போட மாட்டான். அவளும் அவனிடம் நேராகப் பேசாமல் இன்னொருவர் வழியாகத்தான் சொல்லி அனுப்புவாள். முந்தின நாள்தான் இதே அம்மாவோடு ஒரே கிண்ணத்தில் கையைவிட்டுத் தின்றுகொண்டு, "என்ன மாமி, உப்புக்குப் பஞ்சமா?" என்று கத்தினான். இன்றைக்கு மனசு வாய்விட்டுச் சொல்லாததைக் கை முந்திக்கொண்டு செய்துவிட்டது.

"கமாதின்," என்றான் கிஸ்ஸா நிதானமாக. "இப்ப என்ன பண்ணின?"

"ஒண்ணுமில்ல. தூசி."

"காத்தே அடிக்கலையே."

 எனக்குச் சந்தோஷம். கூடவே பயமும். ஏனென்றால் இனி எல்லாம் அம்மா கையில். "டேய், என்னடா வேஷம், வந்து தின்னு" என்று வழக்கம்போல் ஓர் அதட்டல் போட்டால் போதும். 'நான் உனக்கு வெறும் மாமிதான், மாமியார் இல்லை' என்று அர்த்தம். விஷயம் வேடிக்கையாகவே முடிந்து போகும்.

அம்மா கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து நிற்கிற முதுகைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கிஸ்ஸாவின் முன்னால் வைத்துவிட்டு, முக்காட்டை நெற்றிக்கு இழுத்துக்கொண்டு, அவளும் கமாதினுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தக்காமத்," என்றாள் என்னிடம். "அங்க ஒருத்தர் இருக்காரே, அவர்கிட்ட சொல்லு. எதையும் பாதியில நிறுத்துறது எனக்குப் பிடிக்காது. வாசிக்கிறதா இருந்தா முழுசா வாசிக்கச் சொல்லு."

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றான் அவன். அம்மா அவன் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அவனிடம் போனேன். 

"அம்மா சொல்றாங்க..."

"கேட்டுச்சு," என்றான் துணிக்குள்ளிருந்து.

"உனக்குக் கேக்கக் கூடாதுடா. இனிமே நான் சொன்னாத்தான் கேக்கணும்."

அவன் திரும்பினான். கண் மட்டும் தெரிந்தது. அது சிரித்தது.

"சரி, சொல்லு."

சொன்னேன்.