ஷாரோனின் தாகம்

பிள்ளையார்பாளையத்தில் ஷாரோனுக்குத் தாகம் எடுத்தால் ஓரிக்கையில் அவளுடைய அண்ணன் கிறிஸ்டோபர்தான் தண்ணீர் குடிப்பான். அவன் குடித்து முடித்ததும் இவளுக்குத் தொண்டை நனைந்துவிடும். தன் சிறுநீரகங்களில் ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு வந்ததிலிருந்து இப்படித்தான். போனது சும்மா போகாமல் தாகத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்; பேசிவிட்டு அவரவர் தறிக்குத் திரும்பினார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கிறிஸ்டோபர் சவாரி நடுவில் வண்டியை ஓரங்கட்டி, பாட்டிலை அண்ணாந்து காலி செய்வான். "தங்கச்சிக்குத் தாகம்பா" என்பான். ஏறியிருந்தவர்களும் காத்திருப்பார்கள். சித்திரை வெயிலில் அவன் மோர் வாங்கிக் குடித்தால் இங்கே ஷாரோனின் நாக்கில் பெருங்காயம் மணக்கும்.

ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் அவளுக்கு நல்ல மரியாதை. சர்ச்சில் பேர் சொல்லி ஜெபம் பண்ணினார்கள். எதிர்வீட்டுச் சம்பூர்ணம் குடத்தைத் தூக்கவிடாமல் பிடுங்கிக்கொண்டாள். தையல் ஆறியதும் அதெல்லாம் ஓய்ந்தது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் ஒரே கேள்வி: "அண்ணன் எப்பிடிம்மா இருக்கிறாரு?" ஷாரோன் சிரித்த முகமாக நல்லா இருக்கிறார் என்பாள். டயாலிசிஸ் கட்டிலில் முகம் கறுத்துக் கிடந்தவன் எழுந்து வண்டி ஓட்டுகிறானே என்று அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். கொடுத்ததற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது. அண்ணனும் கேட்கவில்லை. கொடுத்தவள் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்துபோனான். ஊரைச் சொல்லியும் குற்றமில்லை. கொடுத்தவள்தான் நடமாடிக்கொண்டிருக்கிறாளே, அவளிடம் என்ன கேட்பது?

அவள் கணவன் ராமராஜன் தாகம் இப்படிப் போனதை வரமாகவே எடுத்துக்கொண்டான். உடல் வேறு, கரை வேறாக நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவன் உடலை நெய்வான். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓடும் நாடாவைத் தள்ளிவிடுபவள் ஷாரோன். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நின்றுபோகும். அதனாலேயே அந்தத் தெருப் பெண்கள் தறியில் உட்காரும் முன்னால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் எழுந்து போகவேண்டி வரும். ஷாரோனுக்கோ குடிக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. முகூர்த்தச் சேலைகள் சொன்ன தேதிக்கு முன்பே தறியைவிட்டு இறங்கின. நிறையத் தண்ணீர் குடியுங்கள், வருஷம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்கும் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் குடிப்பது தனக்கும் சேரும் என்று அவள் நம்பினாள். தொண்டைக்குத்தான் சேர்ந்தது. உள்ளே தனியாகக் கிடந்த இன்னொன்றுக்கு எதுவும் போகவில்லை. காட்டப் போகவேண்டிய நாளில் தறியில் நெய்து முடிக்காத பாவு இருந்தது. அந்த வீட்டுத் தறியில் பாவு இல்லாத நாள் ஏது?

ஒரு ஆவணி மாதத்தில் நாடாவைப் பிடித்தபடியே கணவன் தோளில் சரிந்தாள். உதடு வெடித்திருந்தது. "இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, அதையும் காயப் போட்டுட்டீங்களேம்மா" என்றார் டாக்டர். இன்னும் கைமீறிப் போகவில்லை. ஊசி வழியாக ஏற்றியது போதாது, இனி அவள் வாயால் அவளே குடிக்கவேண்டும், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும் என்றார். வீட்டுக்கு வந்து ஷாரோன் செம்பை வாயில் வைத்தாள். தாகமில்லாத தொண்டை தண்ணீரை ஏற்கவில்லை. விழுங்க விழுங்க வெளியே வந்தது. ராமராஜன் தறிக்குழி ஓரத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

செய்தி கேட்டு கிறிஸ்டோபர் வந்தான். தங்கைக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய தாகத்தைத் தான் குடித்துவிடாதபடி வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டான். காலையில் கட்டியது, வெயில் ஏறியும் அவிழ்க்கவில்லை. ராமராஜனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"மச்சான், இப்பிடிக் குந்திக்கினு இருந்தா உனுக்கு ஆவாது. அவ குடுத்ததும் கெட்டுப்பூடும்."

கிறிஸ்டோபர் துண்டைக் கொஞ்சம் இறக்கினான். "அவ குடுத்தது எங்கிட்ட நல்லா இருக்குது மச்சான். அவகிட்ட மிச்சம் இருக்குதே, அத யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டோமா? நானே கேக்கலியே."

பிறகு ஷாரோன் பக்கம் திரும்பினான். "நீ எப்பிடிம்மா இருக்கிற?"

இத்தனை வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி அது. அழுதாள். கண்ணீர் வழிந்து உதட்டுக்கு வந்தது. அந்த உப்பு நாக்கில் பட்டதும் அடித்தொண்டையில் ஏதோ பற்றிக்கொண்டது. "தண்ணி" என்றாள். சம்பூர்ணம் எதிர்வீட்டிலிருந்து செம்போடு ஓடிவந்தாள். ஷாரோன் மூச்சு விடாமல் குடித்தாள். அவள் செம்பைக் கீழே வைத்த பிறகுதான் அண்ணன் துண்டை அவிழ்த்தான்.

இப்போது ராமராஜன் தறியில் அடிக்கடி வேலை நிற்கிறது. ஷாரோன் தண்ணீர் குடிப்பாள், எழுந்து போவாள், வருவாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். சேலை இறங்கத் தாமதமாகிறது, ஆனாலும் கல்யாணங்கள் நடக்கத்தான் செய்கின்றன. அவள் இங்கே செம்பைத் தூக்கும்போதெல்லாம் ஓரிக்கையில் கிறிஸ்டோபருக்கும் தாகம் எடுக்கிறது. வண்டியை ஓரங்கட்டுகிறான். ஏறியிருப்பவர்கள், "தங்கச்சி எப்பிடி இருக்குதுப்பா?" என்று கேட்டுவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள்.