கோடாக் பெட்டியில் ஓர் ஏ

என் நண்பன் சிவசம்பு ஒரு பொருளை இரவல் கொடுத்தால், அதை எழுதி வைக்காமல் அவனுக்குச் சோறு இறங்காது. ஜோகூரில் ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவன் ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கு எழுதுபவன்; நான் ஆஸ்பத்திரி டிரசர், புண்ணுக்கு மருந்து கட்டுபவன். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். ஸ்டோரிலிருந்து மண்வெட்டி போனாலும் எழுதுவான், கிழிந்த சாக்கு போனாலும் எழுதுவான். தலையில் ஒரு பிள்ளையார் சுழி, கடைசியில் ‘மிகுதி இல்லை’ என்று இரண்டு சொல். அதற்குக் கீழே வேறு யாரும் ஒரு வரி சேர்த்துவிடக் கூடாதாம். ஸ்டோரின் ஈரத்தில் மை காயாது என்பதால், எழுதிய பக்கத்தை வாசலில் வெளிச்சத்துக்குக் காட்டிப் பத்து எண்ணிவிட்டுத்தான் புத்தகத்தை மூடுவான். இந்தப் பழக்கம் ஒருநாள் என் கல்யாணப் பேச்சில் வந்து கை வைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

1925ஆம் ஆண்டு, சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னத்துரையின் சாமான்களை ஏலம் போட்டார்கள். சிவசம்பு ஒரு மடக்குக் கேமராவை எடுத்து வந்தான். இழுத்தால் கறுப்புத் துருத்தியோடு நீளும், தள்ளினால் பெட்டிக்குள் போய்விடும். அதன் பெயர் மூன்று ஏ கோடாக். மூன்று சரி, ஏ எதற்கு என்று எங்களுக்குள் வழக்கு வந்தது. அமெரிக்காவில் செய்தது, அதனால் ஏ என்றார் தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் தங்கராஜு. மருந்துச் சீட்டில் இரண்டு ஏ போட்டால் எல்லாம் சம அளவு என்று பொருள், இங்கே ஒன்றைக் காணோம் என்றேன் நான். சிவசம்பு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தான்.

“ரப்பர் ஷீட்டிலை ஒண்டாம் நம்பர், ரெண்டாம் நம்பர் எண்டு தரம் பிரிக்கிறேல்லையோ? அப்பிடித்தான். ஏ எண்டால் முதல் தரம்.”

ஜோகூர் பாருவில் பிலிம் வாங்கப் போனபோதும் அதே நினைப்புத்தான். கடையில் 122 என்று ஒரு சுருள், ஏ 122 என்று இன்னொரு சுருள். முதல் தரம் இருக்க இரண்டாம் தரம் எதற்கு என்று ஏ போட்டதையே வாங்கி வந்தான்.

எனக்கு அப்போது ஒரு படம் அவசரமாக வேண்டியிருந்தது. ஊரில் அம்மான் எனக்குக் கொக்குவிலில் பெண் பேசிக்கொண்டிருந்தார். பெண்ணின் பெயர் யோகம். முந்தைய லீவில் அம்மானோடு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெப்ராவ் ரோட்டில் புலி மறித்த கதையை நான் அளந்துகொண்டிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “புலியை அவர் கண்டவரோ, இல்லை ஆரும் சொன்னவையோ?” என்று கேட்டது. யாரோ சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இதற்கிடையில் சிரம்பானிலிருந்து ஒரு ரயில்வே கிளாக்கின் படம் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மான் பதறிப்போய் எழுதினார்: “உடனே படம் அனுப்பு. கோட்டுப் போட்டு அனுப்பு. நீ அங்கே டொக்டர் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.”

என்னிடம் கோட்டு ஏது? ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவசம்பு முன்னின்று எல்லாம் சேர்த்தான். பெரிய கிராணி ராஜசேகரன் கோட்டைக் கொடுத்தார், கண்டக்டர் சப்பாத்தைக் கொடுத்தார். சிவசம்பு தன் கடிகாரச் சங்கிலியைக் கழற்றி என் மார்பில் மாட்டினான். அதன் முனையில் கடிகாரம் கிடையாது, அது பையின் உள்ளே இருப்பதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். பங்களாச் சமையல்காரர் ஐயாசாமி, தோட்டத்துத் துரையின் பிரம்பு நாற்காலியைத் தலையில் சுமந்து வந்தார்.

“தொரை சிங்கப்பூருக்குப் போயிருக்காரு, டிரசரையா. நாலு மணிக்குள்ள இது பங்களாவுல இருக்கணும். அப்புறம் எனக்குத்தான் வம்பு லா,” என்றார்.

ரப்பர் மர நிழலில் உட்கார்ந்தேன். சிவசம்பு கேமராவை நெட்டுக்கு நிறுத்தி ஒரு படம் எடுத்தான். எடுத்ததும் அதன் முதுகில் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். பக்கத்திலேயே ஓர் எழுத்தாணி செருகியிருந்தது. உள்ளே தெரிந்த சிவப்புத் தாளில் அதைக் கொண்டு மும்முரமாக எழுதத் தொடங்கினான்.

“என்ன எழுதுறீர்?” என்றேன்.

“திருப்பிக் குடுக்கவேண்டியதை எழுதுறன். ஸ்டோர்ப் புத்தகம் பூட்டுக்குள்ளை. படம் கழுவினாப் பிறகு இந்தத் தாள் எங்களிட்டைத்தானே வரும். அதுக்குத்தானே இந்தக் கதவே வைச்சிருக்கிறாங்கள்.”

எழுதி முடித்ததும், கதவை மூடாமல் பெட்டியின் முதுகை வானத்துக்குக் காட்டிப் பத்து எண்ணினான். அது மை இல்லாத எழுத்தாணி என்பது எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் தோட்டத்து லாரியில் ஜோகூர் பாரு போய் ஒரு ஜப்பான்காரரின் ஸ்டூடியோவில் பிலிமைக் கொடுத்தான். ஊருக்கு நான் எழுதிய கடிதத்தையும் விலாசமிட்ட உறையையும் அவரிடமே கொடுத்து, முதல் பிரதியை உள்ளே வைத்து அந்த வாரக் கப்பலுக்கே தபாலில் சேர்த்துவிடும்படி சொல்லிவிட்டு வந்தான். மிச்சப் பிரதிகளை வாங்க அடுத்த திங்கள் போனவன், திரும்பி வந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒரு படத்தை மருந்து மேசையில் வைத்தான்.

படம் அருமையாக வந்திருந்தது. நானா இது என்று எனக்கே பெருமை. ஆனால் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. அதில் வெள்ளை வெளேரென்று சிவசம்புவின் கையெழுத்து:

‘உ. கோட்டு பெரிய கிராணி. சப்பாத்து கண்டக்டர். கதிரை துரை. சங்கிலி சிவசம்பு. மிகுதி இல்லை.’

“இது எப்படி இதிலை வந்தது?”

“ஏ,” என்றான் சிவசம்பு. ஸ்டூடியோக்காரர் மலாயில் விளக்கியதை மெல்ல மெல்லச் சொன்னான். கேமராவின் பெயரில் இருக்கும் ஏ தரமல்ல, அளவு. மூன்று ஏ என்றால் தபால் அட்டை அளவில் படம் விழும் பெட்டி. பிலிமின் ஏ வேறு. ஏ போட்ட பிலிமில் அந்தக் கதவு வழியாக எழுதி வெளிச்சம் காட்டினால், எழுத்துப் படத்திலேயே பதிந்துவிடும். வெறும் 122 வாங்கியிருந்தால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. “ஐயாவின் நாமா என்று நினைத்தேன், அதனால் கவனமாகச் சேர்த்து அச்சடித்தேன்” என்றாராம் அவர். அவர் பேரில் குற்றம் சொல்ல முடியாது. பெயர் என்று நினைத்தவர் அதைத் தெளிவாகவே அச்சடித்திருந்தார்.

என் மானம் அதற்குள் கப்பலேறி நான்கு நாள் ஆகியிருந்தது.

வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். கடைசியில், “பிழை என்ரை எண்டு பெம்பிளை வீட்டுக்கு நான் எழுதுறன்,” என்றான்.

“நீர் இனி ஒண்டும் எழுத வேண்டாம்.”

மூன்று நாள் அவனோடு பேசவில்லை. அவன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஒரு பிள்ளையின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, தாய் என்னை ‘டாக்டரையா’ என்றாள். தோட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று மட்டும் அது சுருக்கென்று தைத்தது. சிவசம்பு எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் அந்தக் கறுப்புப் பட்டைக்கு மேலே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. புலியை நான் கண்டேனா என்று கேட்டவளிடம் இதை அனுப்பியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று பின்னேரமே யோகத்தின் தகப்பனாருக்கு எழுதினேன். நான் டொக்டர் அல்ல, தோட்டத்து டிரசர். படத்தின் அடியில் இருப்பது உண்மை. வேட்டி மட்டும் என்னுடையது, அதை நண்பன் எழுத மறந்துவிட்டான். புலியையும் நான் காணவில்லை. அவ்வளவுதான் கடிதம். தபாலில் போட்டுவிட்டு வந்து, இனி அவள் எனக்கில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மனம் தேறவில்லை.

சிவசம்புவோடு மறுபடி பேசத் தொடங்கினேன். எத்தனை நாள்தான் ஒரே குசினியில் இரண்டு பேர் வாய் மூடிச் சாப்பிடுவது? ஆனால் படத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. கேமராவை அவன் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டான்.

ஆறு வாரம் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. என் படத்தைப் பார்த்து யோகத்தின் தகப்பனார் கொதித்தாராம், அம்மானை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாராம். பிறகு என் கடிதம் போய்ச் சேர்ந்ததாம். யோகம் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும் சிரம்பான் மாப்பிள்ளையின் படத்தை எடுத்துத் தகப்பனிடம் நீட்டி, “இந்தச் சைக்கிள் ஆருடையது, அப்பு?” என்று கேட்டாளாம். தகப்பனார் அந்தப் படத்தை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாராம்.

கடிதத்துக்குள் மெல்லிய தாளில் சுற்றிய ஒரு படம் இருந்தது. யோகம் நின்றிருந்தாள். கழுத்தில் அட்டியல், கையில் ஒரு தடித்த புத்தகம். முகத்தில் சிரிப்பில்லை, ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. திருப்பினேன். பின்புறத்தில் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்:

‘உ. அட்டியல் அக்கா. சேலை சின்னம்மா. புத்தகம் படம் பிடித்தவர். மிகுதி நான்.’

மருந்துப் போத்தல்களை அப்படியே விட்டுவிட்டு ஸ்டோருக்கு ஓடினேன். சிவசம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எழுந்து வாசலுக்குப் போய், மை காய்ந்து இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்த அந்த எழுத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, ஒன்றிலிருந்து பத்துவரை நிதானமாக எண்ணினான். அவன் எண்ணி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.